நாலாம் வார்டு ஹெஸ்டருக்கு ஒரு பாட்டு

உலகத்திலேயே விசுவாசமான நேயர்கள் உள்ள வானொலி எங்கள் ஹாஸ்லோ ஆஸ்பத்திரி வானொலிதான். லண்டன் வானொலிக்காரர்கள் எவ்வளவு செலவழித்தாலும் இப்படி ஒரு கூட்டத்தைப் பிடிக்க முடியாது. பாட்டு பிடிக்கவில்லை என்று எங்கள் நேயர் ஒருவர்கூட எழுந்து போனது கிடையாது. பாதிப் பேருக்குக் காலில் மாவுக்கட்டு.

இந்தப் பேரரசின் சக்கரவர்த்தி கிளிஃபோர்ட் என்ட்விஸில், பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவர். அரண்மனை, சலவைக்கூடத்தை ஒட்டிய ஜன்னலில்லாத அறை. சம்பளம், டீயும் பிஸ்கட்டும். பிஸ்கட்டும் அவர் வாங்கி வருவதுதான்.

அவர் மனைவி இதே ஆஸ்பத்திரியில்தான் இறந்துபோனார். படுத்திருந்த காலத்தில் வியாழன்தோறும் இந்த வானொலியில் கணவருக்காக ஒரு பாட்டுக் கேட்பாராம். கிளிஃப் அந்நேரம் பஸ் ஓட்டிக்கொண்டிருப்பார். ஆஸ்பத்திரி வானொலி வாசலைத் தாண்டிக் கேட்காது. மனைவியின் செருப்பைத் திருப்பித் தரும்போது நர்ஸ் சொல்லித்தான் அவருக்கு விஷயமே தெரியும். அடுத்த மாதமே மைக் முன்னால் வந்து உட்கார்ந்துவிட்டார்.

பள்ளியில் தீ அபாய மணியோடு நான் விளையாடியதால், நல்ல பழக்கம் வரட்டும் என்று என்னை இங்கே அனுப்பினார்கள். நிகழ்ச்சிக்கு முன் கட்டில் கட்டிலாகப் போய், யாருக்கு என்ன பாட்டு வேண்டும் என்று கேட்டு வருவது என் வேலை. முதல் வாரம் ஒரு கிழவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ என் மகதானே?" என்றார். ஆமாம் என்றேன். மறுவாரம் அந்தக் கட்டில் காலி.

அதற்குப் பிறகு நான் வார்டுக்குள் போகவில்லை. பின்பக்கப் படிக்கட்டில் உட்கார்ந்து சிப்ஸ் தின்றபடி பெயர்களை உண்டாக்கினேன். அப்படிப் பிறந்தவர்தான் ஹெஸ்டர் பில்லிங். நாலாம் வார்டு, ஜன்னலோரக் கட்டில், உடைந்த இடுப்பு. பித்தளைக் குழல் குழு வாசிக்கும் வால்ட்ஸ் நடன இசை என்றால் உயிர்.

கிளிஃப் ஹெஸ்டரைப் பிடித்துக்கொண்டார். "ஹெஸ்டர், இன்னைக்கு கஸ்டர்ட் கத்தியில வெட்டுற மாதிரி இருந்துச்சாமே? பல்லைப் பத்திரமா வச்சுக்கோங்க," என்று மைக்கில் பேசுவார். மே மாதம் ஒருநாள் என்னிடம் சொன்னார்: "இத்தனை வருஷமா சுவத்துக்கிட்ட பேசுறோமோன்னு இருந்துச்சு கண்ணு. ஒருத்தராவது கேக்குறாங்கன்னு இவங்களாலதான் நம்பிக்கை வந்துச்சு."

அன்றைக்குச் சொல்லியிருக்க வேண்டும். இன்னொரு பிஸ்கட்டை எடுத்துக்கொண்டேன், அவ்வளவுதான்.

கோடை போயிற்று. இலையுதிரும் காலம் வந்தது. ஹெஸ்டர் மட்டும் நகரவில்லை.

"இன்னுமா இடுப்பு சேரலை?" என்பார் கிளிஃப்.

"பிடிவாதமான இடுப்பு, கிளிஃப்."

"அக்டோபர்ல சரியாயிடுச்சுன்னியே?"

"அது இடது பக்கம்."

அவர் தலையாட்டிவிட்டு வால்ட்ஸைப் போடுவார். அடுத்த வாரம் சொல்லிவிடலாம் என்று நினைப்பேன். அடுத்த வாரம் ஹெஸ்டருக்குச் சளி பிடித்திருக்கும்.

கிறிஸ்துமஸ் காலையில் நேயர்களுக்குப் பரிசு கொடுக்க கிளிஃப் வார்டு வார்டாகப் போவது வழக்கம். அவருடைய முழங்கால் ஒத்துழைப்பது வருஷத்தில் அந்த ஒரு நாள்தான். இந்த முறை சிவப்புத் தாளில் சுற்றிய பொட்டலம் ஒன்றைத் தனியாக வைத்திருந்தார்.

"இது ஹெஸ்டருக்கு. என் கையாலயே கொடுக்கணும்."

ஹெஸ்டரைக் கொன்றுவிடலாமா என்று யோசித்தேன். அந்தக் காலிக் கட்டில் கண்ணுக்குள் வந்தது. மனசு வரவில்லை. படிக்கட்டு வரை போய்த் திரும்பி வந்தேன்.

"அவங்க வீட்டுக்குப் போயிட்டாங்க, கிளிஃப். நேத்து சாயங்காலம். உங்களுக்கு நன்றி சொல்லச் சொன்னாங்க."

"நடந்தா போனாங்க?"

"டான்ஸ் ஆடாத குறை."

அவர் பொட்டலத்தை என் பக்கம் தள்ளினார். "அப்ப நீயே பிரி."

பிரித்தேன். கம்பளிக் காலுறை. சாம்பல் நிறம். என் முழங்கை வரை வரும் நீளம்.

"இது ஆம்பளைங்க போடுறதாச்சே."

"ஜூன்லேருந்து நாலாம் வார்டு ஆம்பளைங்க வார்டு, கண்ணு. அங்கேருந்து வர்ற பைஜாமாவையெல்லாம் பார்த்துட்டு சலவைக்கூடத்து ஐரீன் சொன்னா. சரி, ஹெஸ்டருக்குப் பாதம் பெருசா இருக்கும்போலன்னு நினைச்சுக்கிட்டேன்."

எங்கே பார்ப்பது என்று தெரியாமல் காலுறையையே பார்த்தேன். "ஜூன்லயே தெரிஞ்சும் ஏன் மைக்குல அவங்க பேரைப் படிச்சீங்க?"

"நீ சொல்லுவேன்னு வாராவாரம் பார்த்தேன். அப்புறம், அந்தம்மாவை விட்டுடவும் எனக்கு மனசு வரலை. என் மேலயும் தப்பு இருக்கு." மைக்கைத் துடைத்தார். "ஜன்னலோரக் கட்டில்ல யாரோ இருக்காங்க. காலுறையைக் கொடுத்துட்டு, என்ன பாட்டு வேணும்னு கேட்டுட்டு வா. கட்டில் பக்கத்துல போய் நின்னு கேளு."

"இப்பவும் வார்டுலேருந்துதானே வர்றேன்."

"ஸ்வெட்டர்ல ஒட்டியிருக்கிற சிப்ஸைத் தட்டிட்டு அப்புறம் சொல்லு."