ஒரு பெயரும் விடாமல் எழுதினேன்

என் கையெழுத்து நன்றாக இருக்கும். ஏழாம் வகுப்போடு நின்றவனுக்குப் பள்ளிக்கூடத்திலிருந்து மிச்சமானது அது ஒன்றுதான். ரேஷன் கார்டு, கரண்டு கனெக்‌ஷன், முதியோர் பென்ஷன், எதற்கு மனு என்றாலும் ஊரில் என்னைத்தான் தேடி வருவார்கள். எழுதியதை மூன்று தடவை படிப்பேன். கொடுத்தனுப்பிய பிறகு தேதி போட்டேனா என்று சந்தேகம் வந்து பின்னாலேயே ஓடுவேன். என் பயம் ஊரறிந்தது. எளாவூர் செக்போஸ்ட்டில் பஸ்ஸை நிறுத்திச் சோதனை போட்டால், பையில் வெறும் கருவாடுதான் இருக்கிறது என்றாலும் எனக்குச் சட்டை நனைந்துவிடும்.

இப்போது யாரும் மனு எழுத என்னிடம் வருவதில்லை. அது நின்றுபோன கதையைச் சொல்ல, எங்கள் ஊர்ப் 'பாடு' முறையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

எங்கள் ஊர் பழவேற்காடு ஏரியை ஒட்டியது. இறால் ஓடும் இடங்கள் எல்லாருக்கும் தெரியும். ஆனால் எல்லாரும் ஒரே நாளில் அங்கே வலை கட்ட முடியாது. எந்த இடம், எந்த நாள், யாருக்கு என்று முறை வைத்துப் பிரிப்பதுதான் பாடு. வருஷத்துக்கு ஒரு தடவை, பங்கு உள்ள தலைக்கட்டு அத்தனையும் கோயில் எதிரே மணலில் உட்கார்ந்து, குடத்தில் சீட்டுப் போட்டு எடுப்போம். ஒரு ஆள் குறைந்தாலும் குடத்தைத் தொட மாட்டோம். நோட்டில் பெயர் விட்டுப்போனால் அந்த வீட்டுக்கு அந்த வருஷம் ஏரி இல்லை. அந்த நோட்டை எழுதுகிறவனும் நான்தான். பெயர்ப் பட்டியல் என்றால் எங்களுக்குச் சோறு. பட்டியலில் பெயர் இருப்பதால் கெடுதல் வரும் என்று எங்களில் ஒருத்தருக்கும் தோன்றியதில்லை.

ஏரியோரச் சேற்று நிலத்தில் மண்ணடித்துச் சரக்குக் கிடங்கு கட்ட ஒரு கம்பெனி வந்தது. மண்ணடித்தால் ஏரிக்கும் கடலுக்கும் இடையில் தண்ணீர் போய்வரும் கால்வாய் அடைபடும், இறால் குஞ்சு உள்ளே வராது. ஊரே ரோட்டில் உட்கார்ந்தோம். அப்போது எதிர்க்கட்சியில் இருந்த ஒன்றியச் செயலாளர் எங்களோடு வெயிலில் உட்கார்ந்தார். எங்கள் பானையிலிருந்தே மீன் குழம்பு ஊற்றிச் சாப்பிட்டார். "ஒரு லாரி மண்ணு எறங்கணும்னா மொதல்ல என் மேல எறங்கட்டும்"னு மைக்கில் சொன்னார். கை தட்டினோம். தேர்தலில் அவர் சொன்ன சின்னத்துக்கே மொத்த ஊரும் போட்டது. அவர் கட்சி ஆட்சிக்கு வந்தது. லாரியும் வந்தது. மறுபடி ரோட்டில் உட்கார்ந்தோம். இந்தத் தடவை அவர் வரவில்லை, போலீஸ் வந்தது. மறு உத்தரவு வரும்வரை ஐந்து பேரோ அதற்கு மேலோ கூடக் கூடாது என்று ஊர் முனையில் தாள் ஒட்டினார்கள்.

பாட்டுச் சீட்டு எடுக்கிற மாசம் அது.

ஊர்த்தலைவர் என் மனைவியின் அண்ணன். வலை காயப்போடும் இடத்தில் நாலு பேர் மட்டும் நின்று பேசினோம். அஞ்சாவதாக வந்த ஒருவரை "அப்பால போப்பா, நீ வந்தா கேஸு"ன்னு ஒருத்தர் விரட்ட, எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"மச்சான், ஸ்டேஷன்ல ஒரு மனு குடுத்துடலாம். கேட்டுட்டு செஞ்சா பயமில்ல" என்றேன்.

"எங்க தாத்தன் காலத்துலேர்ந்து எவனைக் கேட்டு சீட்டு எடுத்தோம்? மாப்ள, நீ பொண்டாட்டிகிட்ட படுக்கிறதுக்கே மனு எழுதற ஆளு."

"அதில்ல மச்சான். யாராச்சும் வந்து குடத்த ஒதைச்சான்னா இன்னா பண்ணுவ?"

மச்சான் யோசித்துவிட்டு, "சரி, எழுது" என்றார்.

அந்த யோசனையை யாரும் என் வாயில் திணிக்கவில்லை. நானாகச் சொன்னேன்.

ஸ்டேஷன் ரைட்டர் மனுவைப் படித்துவிட்டு, "யார் யாரு வர்றாங்க, லிஸ்ட் வச்சிக் குடு" என்றார். இரண்டு நாள் உட்கார்ந்து எழுதினேன். பெயர், அப்பா பெயர், கதவு எண், போன் நம்பர். அவர் கேட்டது பெயர் மட்டும்தான். ஆள் மாறிப்போய் யாரையாவது உள்ளே விடாமல் நிறுத்திவிடுவார்களோ என்று எனக்குப் பயம். அதனால் ஓட்டர் கார்டு நம்பரையும் வீடு வீடாகக் கேட்டு வாங்கிச் சேர்த்தேன். செத்து மூன்று வருஷமான ஒருவரின் பெயரும் இருந்தது. பங்கு அவர் பேரில்தான் நிற்கிறது. அவர் மனைவி அதைத் தன் தம்பிக்கு விட்டுவிட்டு, இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்து கையால் இறாலும் நண்டும் தடவிப் பிழைக்கிறாள். பொம்பளைகள் பெயரைப் பாட்டு நோட்டில் எழுதும் வழக்கம் எங்களிடம் இல்லை.

ரைட்டர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இன்னாய்யா, அச்சடிச்ச மாதிரி கீது. எங்க ஆளுங்க கூட இப்படி எழுத மாட்டானுங்க."

எனக்குப் பெருமையாக இருந்தது. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

அனுமதி கிடைத்தது. பேச்சு கூடாது, கோஷம் கூடாது, ஒரு மணி நேரத்தில் கலைய வேண்டும். ஒரு போலீஸ்காரர் போனில் படம் பிடித்துக்கொண்டே நிற்க, குடத்தில் கை விட்டோம். யாருக்கு நல்ல இடம் விழுந்தது என்று கிண்டலடிக்கக்கூட யாரும் வாய் திறக்கவில்லை.

இரண்டு மாசம் கழித்து, கிடங்கு விஷயமாக மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடக்கும் என்று பஞ்சாயத்து ஆபீசில் அறிவிப்பு ஒட்டினார்கள். வேண்டாம் என்று நாங்கள் சொல்வதை அரசாங்கம் தாளில் பதிவு செய்தே ஆக வேண்டிய ஒரே நாள் அது. அந்த நாளைத்தான் ஊர் நம்பிக்கொண்டிருந்தது. வீட்டுக்கு ஒருவர் பேசுவது என்று முடிவு செய்திருந்தோம்.

கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்னால் சம்மன் வந்தது. அமைதி குலையக்கூடும் என்று நம்ப இடமிருப்பதால், ஒரு வருஷத்துக்கு ஒழுங்காக நடப்பதாகப் பத்திரம் எழுதித் தர வேண்டுமாம். பங்கு உள்ள அத்தனை பேருக்கும். தெரு வரிசை, கதவு எண், அப்பா பெயர், ஓட்டர் கார்டு நம்பர் எல்லாம் சரியாக இருந்தது. பாட்டு நோட்டின் வரிசை எனக்கு மனப்பாடம். அதைப் பார்த்து நான் எழுதிக் கொடுத்த லிஸ்டில் என் பெயர் எத்தனையாவதோ, சம்மனிலும் அத்தனையாவது.

செத்தவருக்கும் ஒன்று வந்தது. அவர் மனைவி வாசலில் நின்று போலீஸ்காரரைக் கேட்டது தெரு முழுக்கக் கேட்டது.

"அவரு எங்க வந்து ஒழுங்கா நடக்கணும்? சுடுகாட்டுலயா?"

"நீ வாங்கிக்கம்மா. கையெழுத்துப் போடு."

"நான் ஏன் போடணும்? என் பேரு எங்க கீது இதுல, காட்டு."

அவர் தாளை மடித்து எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மற்ற வீடுகளில் சிரிப்பில்லை. "ஓட்டர் நம்பரு எவன்டா குடுக்கச் சொன்னான்?" என்று என்னைக் கேட்டார்கள். ஒன்றியச் செயலாளர் வீட்டுக்கு மச்சானும் நானும் போனோம். புது வீடு. வெளியே நாற்காலி போட்டு உட்கார வைத்தார்.

"நம்ம ஆட்சிதான். ஆனா சட்டம்னு ஒண்ணு கீதுல்ல? பத்திரத்த எழுதிக் குடுத்துட்டு வூட்ல குந்துங்க. ஒரு வருஷம் ஓடிப்பூடும்."

"உங்க மேலதான லாரி எறங்கணும்னு சொன்னீங்க" என்றார் மச்சான்.

"அது அப்போ. எதிர்க்கட்சின்னா நாலு வார்த்தை பேசத்தான் செய்வாங்க. அதப் போய் மனசுல வச்சிக்கினு வர்ற." பிறகு காபி குடிக்கிறீர்களா என்று கேட்டார். மச்சான் எழுந்து நடந்தார். நான் வேண்டாம் சார் என்று கும்பிட்டுவிட்டு ஓடினேன். கும்பிட்டதற்கு மச்சான் வழியெல்லாம் திட்டினார்.

கோட்டாட்சியர் ஆபீசில் வரிசையில் நின்று பத்திரத்தில் கையெழுத்துப் போட்டோம். என் முறை வந்தபோது, "சார், கருத்துக் கேட்புக்குப் போகலாமா?" என்றேன்.

குமாஸ்தா நிமிர்ந்து பார்த்தார். "தாராளமா போ. யாரு வேணாம்னா? ஆனா அங்க எதனா சத்தம் வந்துச்சின்னா, பத்திரம் எழுதினவன்தான் மொதல்ல உள்ள போவான்."

போகக் கூடாது என்று எங்களிடம் யாரும் சொல்லவில்லை. இன்று வரைக்கும் சொல்லவில்லை.

கூட்டத்துக்கு முதல் நாள் மத்தியானம், செத்தவரின் மனைவி ஈரப் புடவையோடு என் வீட்டுக்கு வந்தாள். நண்டுக் கூடையை வாசலில் இறக்கினாள்.

"அண்ணா, எனக்கு சம்மன் இல்ல, பத்திரம் இல்ல. நான் போறேன். நாலு வரி எழுதிக் குடு."

"வாயால சொல்லு, போதும்."

"எனக்குக் கூட்டத்துல வாய் வராதுண்ணா. பேரெழுத மட்டும்தான் தெரியும். நீ எழுது, கீழ நான் போட்டுக்கறேன்."

"என் கையெழுத்து ஸ்டேஷன்ல தெரியும்மா. பார்த்த ஒடனே கண்டுபுடிச்சிடுவான். வேற யார்கிட்டயாச்சும் எழுதிக்கயேன்."

"யாரு எழுதுவான்? எல்லா வூட்லயும் பத்திரம் கீது."

 உள்ளேயிருந்து என் மனைவி சொன்னாள்: "இவரு வலது கையால எழுதினா இன்னா, எடது கையால எழுதினா இன்னா. எழுத மாட்டாரு. நீ போம்மா."

அவள் கூடையைத் தூக்கிக்கொண்டு போனாள்.

மறுநாள் ஊரில் ஆண்கள் எல்லாரும் வீட்டில் இருந்தோம். சாயங்காலம் அவள் வந்து, நடந்ததைத் ஆர்ப்பாட்டம் எதுவும் இல்லாமல் சொன்னாள். பந்தல் வாசலில் மீனவர் பட்டியல் என்று ஒரு தாளை வைத்துப் பெயர் பார்த்து உள்ளே விட்டிருக்கிறார்கள். இவள் பெயர் அதில் இல்லை.

"புருஷன் பேரு சொல்லுன்னாங்க. சொன்னேன். இருந்திச்சி. அவரு வரலியான்னாங்க. செத்துட்டாருன்னேன். அப்போ பேர மாத்திக்கினு வரணும்மான்னாங்க."

"அப்புறம்?"

"அந்த ஆளு நல்ல மாதிரிதாண்ணா. வெயில்ல நிக்காத, மனு எதனா இருந்தா குடு, நானே பெட்டியில போட்டுடறேன்னாரு. கைய விரிச்சிக் காட்டினேன். உள்ள கம்பெனி வேன்ல வந்தவங்கல்லாம் கைதட்டிக்கினு இருந்தாங்க. வந்துட்டேன்."

அவள் போன பிறகு என் மனைவி சாப்பிடக் கூப்பிடவில்லை. நானாகப் போட்டுச் சாப்பிட்டேன்.

கொஞ்ச நாளில் கூட்டத்தின் அறிக்கையைப் பஞ்சாயத்து ஆபீஸ் பலகையில் ஒட்டினார்கள். ஊர்க்காரர்கள் நின்று படித்தார்கள். நானும் படித்தேன், மூன்று தடவை. வந்திருந்தவர்கள் திட்டத்தை வரவேற்றார்கள் என்று இருந்தது. அது யார் என்று எங்களுக்குத் தெரியும். அதற்குக் கீழே, எங்கள் ஊரின் பெயரைப் போட்டு, இங்கிருந்து எழுத்து மூலமாக ஆட்சேபணை எதுவும் வரவில்லை என்று எழுதியிருந்தது.

அந்த வரியில் பொய் எதுவும் இல்லை.