ஆறு நாள் பாடிய செட்டு

போன மாதம் என் பழைய காரின் ஸ்டீரியோ நின்றுபோனது. கார் கம்பெனி வைத்த அதே செட்டைத் தேடிப் பிடித்துப் போடுவதா, வெளிச் செட்டு வாங்கிப் போடுவதா என்று கடைக்காரர் கேட்டார். இரண்டின் நிறைகுறைகளையும் அவர் சொல்லி முடிப்பதற்குள், "வெளிச் செட்டே போடுங்க" என்றேன். எதையும் இரண்டு பத்தியாக எழுதிப் பார்த்து முடிவெடுப்பவள் நான். அன்று எழுதவில்லை. காரணம் என் தாய்மாமா.

எனக்கு அப்போது எட்டு வயது. அப்பா திருத்தணி பஸ் ஸ்டாண்டில் வாடகைக் கார் ஓட்டிக்கொண்டிருந்தார். காரோடு வந்த ரேடியோவும் ஒரே ஒரு ஸ்பீக்கரும் அதில் இருந்தன. மலைப்பாதையின் மூன்றாவது வளைவு வந்தால் சென்னை நிலையத்தின் மேல் தெலுங்கு நிலையம் ஏறி உட்கார்ந்துகொள்ளும். இரண்டு பாட்டுக்குப் பணம் ஒன்றுதான் என்று அப்பா அதையும் ஒரு வசதியாகவே சொல்வார்.

மாமா அரக்கோணத்தில் ஒரு ரேடியோக் கடையில் வேலை பார்த்தார். திருத்தணியில் கார் செட்டுகளுக்குச் சொந்தமாக ஒரு கடை வைக்க வேண்டும் என்பது அவர் ஆசை. ஸ்டாண்டில் அப்பாவின் காரைத் தவிர ஏழு கார்கள். அந்த ஏழு டிரைவர்களும், டயரோ சீட்டுக் கவரோ, அப்பா போட்டுப் பார்த்து நல்லது என்று சொன்ன பிறகே வாங்குவார்கள். ஆகவே மாமாவின் கடை, அப்பாவின் ஒரு வார்த்தையில் இருந்தது.

ஒரு திங்கட்கிழமை காலை, முதலாளியிடம் கேட்டு வாங்கிய கேசட் செட்டோடு மாமா வந்தார். அப்பாவை அவர் பாவா என்றுதான் கூப்பிடுவார்.

"ஆந்திராலேர்ந்து வர்றவங்க பாட்டு இருக்கற வண்டியா பாத்து ஏறிக்கினு போறாங்க பாவா. ஒரு வாரம் ஓட்டிப் பாருங்க."

"வேணும்னா கம்பெனிக்காரனே வெச்சிருக்க மாட்டானா? அவன் இன்னா முட்டாளா?"

"அவன் வெச்சப்ப கேசட்டே கெடையாதே பாவா!"

அம்மா சிரித்துவிட்டாள். அப்பா ஒரு வாரத்துக்குச் சம்மதித்தார். பழைய ரேடியோவைக் கழற்றாமல் அதற்கு அடியில் மாமா செட்டைத் தொங்கவிட்டார். பிடித்துப்போனால் டாஷ்போர்டை வெட்டி உள்ளே பதிப்பதாகப் பேச்சு. ஐந்து நாள் மலைப்பாதை முழுக்கப் பாட்டு. இரண்டு டிரைவர்கள் வந்து மாமாவிடம் விலையே விசாரித்துவிட்டார்கள்.

இதற்கிடையில் எனக்கு ஒரு கவலை இருந்தது. முந்தின வருடம் என் கால் முறிந்தபோது, சரியானதும் நான் முருகன் மலையின் முந்நூற்று அறுபத்தைந்து படியும் நடந்தே ஏறி உண்டியலில் காசு போடுவேன் என்று அம்மா வேண்டிக்கொண்டிருந்தாள். மஞ்சள் துணியில் முடிந்த காசு சாமி அலமாரியில் இருந்தது. வரும் ஞாயிறு கிருத்திகை. வேண்டியது அம்மா, ஏறுவது நான் என்பதில் எனக்கு நியாயம் தெரியவில்லை.

சனிக்கிழமை காலை, வாசலில் நின்ற காரில் ஏறி உட்கார்ந்தபோது வழி தெரிந்தது. டாஷ்போர்டில் முருகன் படம். அதன்முன் அணைந்த ஊதுவத்தி. அதற்கு நேர் கீழே, செட்டில் ஒரு நீளமான வாய். தள்ளினால் உள்ளே மடிந்து, விட்டால் மூடிக்கொள்ளும் தகடு. உண்டியலுக்கு வேறு என்ன வேண்டும்? அலமாரியிலிருந்து மஞ்சள் முடிச்சை எடுத்து வந்து, கன்னத்தில் போட்டுக்கொண்டு உள்ளே தள்ளினேன்.

பத்து மணிக்கு அப்பா கேசட்டைப் போட்டு அழுத்தினார். உள்ளே ஏதோ முறிந்த சத்தம். அதோடு சரி.

மாமா வந்து, வாசலில் சாக்கை விரித்துச் செட்டைப் பிரித்தார். நான் அவர் தோளருகே நின்றேன். மேல்மூடியைத் தூக்கியதும் மஞ்சள் துணி தெரிந்தது. வீட்டில் அது யாருடைய முடிச்சு என்று தெரியாதவர் இல்லை. மாமா என்னைப் பார்த்தார். அப்பா டிபனை முடித்துக் கை கழுவிக்கொண்டு வெளியே வந்தார். மாமாவின் கை ஒருமுறை மூடித் திறந்தது. முடிச்சு அவர் சட்டைப் பையில் இருந்தது.

"இன்னாப்பா ஆச்சு?"

"உள்ள லிவர் ஒடஞ்சிகினு இருக்குது பாவா. மட்டமான பீஸு. நான்தான் பாத்து எடுத்தாரல."

"ஆறு நாளு! இதுக்குத்தான் டாஷ்போர்ட வெட்டணும்னியா?"

"ஆங்... வெட்டாம உட்டீங்களே, அதுவே நல்லதாப் போச்சு."

மறுநாள் அம்மா முடிச்சைத் தேடிப் பதறியபோது, அலமாரிக்குப் பின்னால் விழுந்து கிடந்ததாகச் சொல்லி மாமாவே எடுத்துக் கொடுத்தார். நான் எல்லாப் படியும் ஏறினேன். பாதியில் கால் வலித்தபோது, "ஏறு பாப்பா, இந்த உண்டி ஒடையாது" என்று பின்னாலிருந்து காதோடு சொன்னார். அந்த விஷயத்தைப் பற்றி அவர் என்னிடம் பேசியது அவ்வளவுதான். அதற்குப் பிறகு எப்போதும் இல்லை.

திங்கட்கிழமை ஸ்டாண்டில் அப்பா ஏழு டிரைவர்களிடமும் தம் தீர்ப்பைச் சொன்னார்: கம்பெனி வைத்ததுதான் நிற்கும், வெளிச் செட்டு ஆறு நாளைக்கு. விலை கேட்ட இருவரும் தலையாட்டினார்கள். மாமா அட்டைப்பெட்டிக்குச் சணல் கட்டிக்கொண்டே, "பாவா சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று சிரித்தார். பிறகு பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு அரக்கோணம் பஸ்ஸில் ஏறினார். அந்த ரேடியோக் கடையில்தான் கடைசிவரை வேலை பார்த்தார்.

நான் ஜன்னலோரம் தெரிந்த அவர் முகத்துக்குக் கையசைத்தேன். அடி வாங்காமல் தப்பியதில் மனம் லேசாக இருந்தது. மாமாவும் சிரித்துக்கொண்டேதான் போகிறார், ஆகவே யாருக்கும் எந்த நஷ்டமும் இல்லை என்று நினைத்துக்கொண்டேன்.