தரையில் வைத்த காபி

அடிபட்ட கார்களைப் பார்ப்பதுதான் இஹ்ஸானின் வேலை. அம்மான் நகரத்தில் இருபத்தேழு வருடம் அதைச் செய்தார். காப்பீட்டு நிறுவனம் அவருக்குச் சம்பளம் கொடுத்ததே பொய்யைக் கண்டுபிடிப்பதற்குத்தான். கதவில் விழுந்த பள்ளத்தை உள்ளங்கையால் ஒரு தடவு தடவிவிட்டு, "நிறுத்தி வெச்சிருந்த வண்டின்னு சொன்னீங்க. இது ஓடிக்கிட்டிருந்த வண்டியில விழுந்த அடியாச்சே" என்பார். எதிரில் நிற்பவர் முகம் செத்துவிடும். அந்த முகங்களைப் பற்றி வீட்டில் வந்து சொல்லிச் சிரிப்பது அவருக்குச் சாப்பாட்டுக்குத் தொட்டுக்கொள்வது போல. வீட்டிலும் அதே நீதிபதி தோரணைதான். மகன் ராமி கல்லூரிக்குப் போன நாள்வரை அவர் முன்னால் ஒரு பொய் சொன்னதில்லை. மனைவி ஸுஹைர் மட்டும் மறைக்க வேண்டியதையெல்லாம் நிம்மதியாக மறைத்துக்கொண்டு குடும்பம் நடத்தினாள்.

ஓய்வு பெற்ற மூன்றாம் மாதம், தெற்கே கடற்கரையில் இருக்கும் அகபாவுக்குத் தனியாகக் காரில் போகப்போவதாக அறிவித்தார்.

"தனியாவா? ஃப்ரிட்ஜ்ல தயிர் எங்க இருக்குன்னே உங்களுக்குத் தெரியாது. அகபா எங்க இருக்குன்னு தெரியுமா?" என்றாள் ஸுஹைர்.

பாலைவனச் சாலையில் போனால் நான்கு மணி நேரத்தில் கடல். அவர் வேண்டுமென்றே மலைச்சாலையைப் பிடித்தார். ஒரு வெள்ளிக்கிழமை காலை. முஜிப் பள்ளத்தாக்கின் வளைவுகளில் கண்ணாடியை இறக்கிவிட்டுப் பாடினார். கேட்க ஆள் இல்லாததால் நன்றாகவே பாடினார். சாலையோரம் புதினா போட்ட தேநீரை நின்றபடி குடித்தார். மெதுவாகப் போங்க என்று சொல்ல பக்கத்து இருக்கையில் யாரும் இல்லை. அறுபது வயதில் இப்படி ஒரு சந்தோஷம் மிச்சம் இருக்கிறது என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை.

கரக் ஊருக்குள் நுழைந்ததும் சந்தோஷம் கொஞ்சம் சுருங்கியது. கோட்டையைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று திரும்பியவர், ஒரு தெரு முன்னதாகத் திரும்பிவிட்டார். செங்குத்தான சந்து. இரண்டு பக்கமும் வீட்டுச் சுவர்கள். ஆண்கள் எல்லாரும் பள்ளிவாசலில் இருந்த நேரம். ஒரு பெரிய தண்ணீர் லாரி பாதி வழியை அடைத்துக்கொண்டு நின்றது. அதைத் தாண்டிப் போக, பின்னால் எடுத்து ஒடித்தார். டொக்கென்று ஒரு சத்தம்.

இறங்கிப் பார்த்தார். ஒரு பழைய வெள்ளைப் பிக்கப்பின் கதவு, முட்டி உயரத்தில் உள்ளே போயிருந்தது. அவர் காரின் கருப்பு பம்பரில் ஒரு கீறல்கூட இல்லை. பழக்கதோஷத்தில் பள்ளத்தைத் தடவிப் பார்த்தார். பிறகு சந்தின் இரண்டு பக்கமும் பார்த்தார். ஒரு ஜன்னலிலும் ஆள் இல்லை. காரில் ஏறி மேலே போய்விட்டார்.

சந்து மேலே ஒரு சுவரில் முட்டி முடிந்தது. வேறு வழி கிடையாது. அங்கே பத்து நிமிடம் உட்கார்ந்திருந்தார். பெயரும் போன் நம்பரும் எழுதி அந்த வண்டியில் செருகிவிடலாம் என்று பேனாவை எடுத்தார். பேனா எழுதாமல் போயிருந்தால் ஒரு சாக்காவது இருந்திருக்கும். அது நன்றாகவே எழுதியது. எடுத்த இடத்திலேயே அதை வைத்துவிட்டு, ஓசைப்படாமல் இறங்கிப் போய்விடலாம் என்று காரைத் திருப்பினார்.

அதற்குள் தொழுகை விட்டிருந்தது. பிக்கப்பைச் சுற்றி ஏழெட்டுப் பேர் நின்று வழியை அடைத்திருந்தார்கள். நடுவில், பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்ற துர்கி. வண்டி அவருடையது. எதிரில் பக்கத்து வீட்டு அவ்வாத். தண்ணீர் லாரி அவனுடையது.

"இந்த முக்குல லாரியை நிறுத்தாதேன்னு ரெண்டு வருஷமா கத்தறேன். இடிச்சதுகூடப் பரவாயில்ல. இடிக்கலைன்னு நிக்கற பாரு, அதைத்தான் என்னால தாங்க முடியல."

"அல்லா மேல ஆணையா நான் இடிக்கல, துர்கி."

"தொழுதுட்டு வந்த வாயால பொய்ச் சத்தியம் வேறயா?"

"என் லாரி பம்பர் உன் நெஞ்சுக்கு வரும். இந்த அடி முட்டிக்குக் கிட்ட இருக்கு. கண்ணு இருக்கில்ல உனக்கு? பாரேன்."

"தண்ணி விக்கறவன் எனக்கு அளவு சொல்லித் தரான்யா." கூட நின்றவர்கள் சிரித்தார்கள்.

காருக்குள் இருந்தபடி இஹ்ஸான் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். இருபத்தேழு வருடத்தில் இவ்வளவு சரியான வாதத்தை அவர் கேட்டதே இல்லை. அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவ்வாத் தப்பிப்பான். ஆனால் தான் மாட்டிக்கொள்ள வேண்டியிருக்கும் என்பதால் சும்மா இருந்தார்.

துர்கி திரும்பி அவரைப் பார்த்தார். உடனே குரல் மாறிவிட்டது. "எங்க சண்டையில உங்களை வெயில்ல நிறுத்திட்டோமே. எந்த ஊரு?"

"அம்மான். நான் கிளம்பறேன், வழி விட்டா போதும்."

"சோத்து நேரத்துல வந்தவரை அப்படியே அனுப்பறதா? இறங்குங்க. நீங்க சாப்பிடாம போனா என் பொண்டாட்டிக்குத் தலாக்."

உள்ளேயிருந்து ஒரு பெண் குரல் வந்தது. "இந்த வாரத்துல இது நாலாவது தலாக் சத்தியம். இறங்கிடுங்க அண்ணே, என்னைக் காப்பாத்துங்க."

இதற்கு மேல் எப்படி மறுப்பது? இறங்கினார். அவ்வாத் தலையைக் குனிந்துகொண்டு தன் வீட்டுக்குப் போனான்.

கூடத்தில் துர்கியின் தம்பிகளும் பங்காளிகளும் சுவரோர மெத்தைகளில் சாய்ந்திருந்தார்கள். மகன் பேரைக் கேட்டுக்கொண்டு, ராமியின் அப்பா என்ற அர்த்தத்தில் அபூ ராமி என்று அழைக்க ஆரம்பித்தார்கள். என்ன வேலை பார்த்தீங்க என்றார் துர்கி. "ஆபீஸ் வேலை" என்றார் இஹ்ஸான். இந்த மாதிரி அரை உண்மைக்காக அவர் எத்தனை பேரை வெறுங்கையோடு திருப்பி அனுப்பியிருக்கிறார்.

ஒரு தம்பி, கைப்பிடியில்லாத சின்னக் கோப்பையில் ஒரு வாய்க் கசப்புக் காபியை ஊற்றி நீட்டினான். வாங்கினார். அவ்வாத் தலைகுனிந்து போனதுதான் கண்ணில் நின்றது. குடிக்க மனம் வராமல், யோசிக்காமல் கோப்பையை முன்னால் கம்பளத்தில் வைத்தார்.

கூடம் அடங்கிப்போனது.

அப்போதுதான் தான் செய்த காரியம் அவருக்கு உறைத்தது. காபியைக் குடிக்காமல் கீழே வைக்கும் விருந்தாளி ஏதோ வேண்டி வந்திருக்கிறார் என்று அர்த்தம். அம்மானில் பெண் கேட்டுப் போகும்போது மட்டும் ஒரு சடங்குக்காக அப்படி வைப்பார்கள். கரக்கில் அது இன்னும் வெறும் சடங்காகவில்லை; கேட்டதைக் கொடுத்தாக வேண்டும்.

துர்கி நிமிர்ந்து உட்கார்ந்தார். "காபியைக் குடிங்க, அபூ ராமி. என்னன்னு நான் கேக்கல. நீங்க வந்த காரியம் முடிஞ்சதுன்னு வெச்சுக்குங்க."

கேட்பதற்கு முன்பே மன்னிப்பு கொடுத்தாயிற்று. இனி இரண்டு வார்த்தைதான் பாக்கி. இதைவிடச் சுலபமான இடம் ஒரு மனிதனுக்குக் கிடைக்காது. இஹ்ஸான் சொல்லத்தான் வாயைத் திறந்தார்.

"வெளியில நின்னாரே, லாரிக்காரர். அவரை நீங்க மன்னிச்சிடணும்."

"அம்மான்ல இப்படி ஒரு ஆளா" என்றார் ஒரு பங்காளி. கேட்க இனிப்பாகத்தான் இருந்தது. அந்த இனிப்பை ஒரு நொடி அனுபவித்ததை நினைத்து அவர் பின்னாளில் தனியாகக் கூசிப்போனதுண்டு.

அவ்வாத்தைக் கூட்டி வந்தார்கள். வாசற்படியிலேயே நின்றான்.

"விருந்தாளி உனக்காகக் காபியைக் கீழ வெச்சுட்டாரு. நான் விட்டுட்டேன். உள்ள வா" என்றார் துர்கி.

அவ்வாத் கம்பளத்தில் இருந்த கோப்பையைப் பார்த்தான். வெளியே அத்தனை பேர் எதிரில் இல்லை, இல்லை என்று நின்றவன். இப்போதும் இல்லை என்றால் விருந்தாளியின் வார்த்தையை அவர் மூஞ்சியிலேயே திருப்பி எறிந்ததாகிவிடும். வாசற்படியைத் தாண்டி உள்ளே வந்தான்.

"சரி. நான்தான் இடிச்சேன். இவரு முகத்துக்காக மன்னிச்சிடு, துர்கி."

இருவரும் கன்னத்தில் முத்தமிட்டுக்கொண்டார்கள். இஹ்ஸான் காபியைக் குடித்தார். அவ்வாத் வந்து அவர் பக்கத்திலேயே உட்கார்ந்தான்.

"யாருன்னே தெரியாத எனக்காகக் கேட்டீங்க, அபூ ராமி. இவ்வளவு நேரமா ஒரு ஆளு என் பக்கம் பேசல. கூடப் பொறந்தவன்கூட சிரிச்சுட்டுதான் நின்னான்" என்றான் மெல்ல.

இஹ்ஸானால் அதற்கு மேல் முடியவில்லை. "நான்தான் இடிச்சேன்" என்றார். குரல் எழவில்லை.

"என்ன சொன்னீங்க?"

இரண்டாம் தடவை, எல்லாருக்கும் கேட்கும்படி சொல்ல வேண்டி வந்தது. "பிக்கப்பை நான்தான் இடிச்சேன். பின்னால எடுக்கும்போது. இறங்கிப் பார்த்துட்டுத்தான் போனேன்."

துர்கி பிக்கப்பைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. அவ்வாத்தைத்தான் பார்த்தார். "அப்புறம் நீ ஏன்யா ஒத்துக்கிட்ட?"

"அவரு கோப்பையைக் கீழ வெச்சுட்டாரே" என்றான் அவ்வாத். "வேற என்ன செய்யச் சொல்ற?"

துர்கி இஹ்ஸான் பக்கம் திரும்பினார். குரல் உயரவில்லை, மரியாதையும் குறையவில்லை. "வண்டியை இடிச்சதைச் சொல்லியிருந்தா அதுவும் முடிஞ்சிருக்கும். அதான் முன்னாடியே கொடுத்துட்டேனே. என் வீட்டுல வெச்சு, ஒரு நல்ல மனுஷனைப் பொய் சொல்ல வெச்சுட்டீங்க. நானும் அத்தனை பேர் முன்னால அவனைப் பொய்யன்னு சொல்லிட்டிருந்தேன்."

இஹ்ஸான் எழுந்தார். சேதத்துக்கு என்னவோ தருவதாகச் சொல்ல ஆரம்பித்தார்.

"உக்காருங்க. தலாக் சொல்லியிருக்கேன்" என்றார் துர்கி.

பெரிய தாம்பாளம் வந்தது. சோறும் ஆட்டுக்கறியும், மேலே கொதிக்கக் கொதிக்க ஊற்றிய தயிர்க் குழம்பும். சுற்றி உட்கார்ந்தார்கள். முதல் கறி விருந்தாளிக்குத்தான். அந்த வீட்டில் அது ஒரு நாளும் மாறியதில்லை. துர்கி எலும்பிலிருந்து நல்ல பாகமாகப் பிய்த்தெடுத்து, கையை இஹ்ஸானைத் தாண்டி நீட்டி, அவ்வாத் பக்கத்துச் சோற்றில் வைத்தார். பார்க்காத கண் இல்லை.

இஹ்ஸானுக்குக் காதுவரை சுட்டது. கையைச் சோற்றில் வைத்தபடி அப்படியே இருந்தார்.

அவ்வாத் அந்தக் கறியைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு இரண்டு விரலால் அதை அவர் பக்கமாகத் தள்ளி வைத்தான்.

"சாப்பிடுங்க, அபூ ராமி. ஆறிட்டா நல்லா இருக்காது."

இஹ்ஸான் தலை நிமிராமல் அதைச் சாப்பிட்டார்.