விமானம் ஏறிய டோலக்

எங்கள் வீட்டு டோலக்கை நான் பஸ்ஸில் ஏற்றிக் கொண்டுபோகாத ஊர் சுற்றுவட்டாரத்தில் கிடையாது. சொந்தத்தில் எங்கே கல்யாணம் என்றாலும், மருதாணி வைக்கும் அன்றைக்குப் பெண்கள் கூடிப் பாட உட்கார்ந்தால் டோலக் அடிக்க என்னைத்தான் கூப்பிடுவார்கள். திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் எவ்வளவு கூட்டம் இருந்தாலும் எனக்குக் கவலை இல்லை. சன்னல் ஓரம் உட்கார்ந்திருக்கும் யாரிடமாவது, "இதைச் செத்த நேரம் பிடிச்சுக்கிருங்க, ஏறி வந்துர்றேன்" என்று டோலக்கை உள்ளே தள்ளிவிட்டு, அப்புறம் முண்டியடித்து ஏறுவேன். முன்பின் தெரியாத அந்த மனுஷர் வடமதுரை வரைக்கும் அதை மடியில் வைத்துக்கொண்டு வருவார். கண்டக்டர் லக்கேஜ் போட வந்தால் நான் சண்டை பிடிப்பேன். மடியில் வைத்திருப்பவரும் எனக்காகச் சேர்ந்து சண்டை பிடிப்பார். விமானத்திலும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டு போனேன்.

மும்பையில் இருக்கும் என் தங்கச்சியின் மகளுக்குக் கல்யாணம். சொந்தக்காரர்கள் எல்லாரும் நிக்காஹுக்கு ரயிலில் வருவதாக ஏற்பாடு. மருதாணிக்கு முன்கூட்டியே போகவேண்டிய எனக்கு மட்டும், இருப்பதிலேயே மலிவான விமானமாகப் பார்த்து மதுரையிலிருந்து டிக்கெட் போட்டுக் கொடுத்தான் என் மகன்.

"ஏன், மும்பையில டோலக்கே கிடைக்காதா? ஒரு நாளைக்கு வாடகைக்கு எடுத்தா ஆச்சு" என்றார் என் வீட்டுக்காரர். பெல்ட்டும் செருப்பும் விற்கிற தோல் கடை வைத்திருக்கிறார். எதற்கும் ஒரு சிக்கன வழி அவரிடம் இருக்கும்.

"டோலக் கிடைக்கும். இந்த டோலக் கிடைக்குமா?" என்றேன். அவருக்கும் விஷயம் தெரியும்.

தங்கச்சி கல்யாணத்துக்கு நாள் குறித்தபிறகு எங்களைப் பெற்ற அத்தா மவுத்தாகிவிட்டார். குறித்த நாளிலேயே நிக்காஹ் நடக்கவேண்டும் என்று படுக்கையில் சொல்லிவிட்டுத்தான் போனார். நடந்தது. ஆனால் மருதாணி இல்லை, பாட்டு இல்லை. டோலக் பீரோ மேல் துணி போர்த்திக் கிடந்தது. வந்தவர்கள் எல்லாம் குசுகுசுவென்று பேசிக்கொண்டார்கள். கல்யாணப் பெண் ஒரே ஒருமுறை தலையைத் தூக்கி பீரோ மேலே பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டாள். நான் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "உன் மகளுக்கு இதே டோலக்கை அடிக்கிறேன்டி. கை வீங்குற வரைக்கும் அடிக்கிறேன்" என்று அவள் காதில் சொன்னேன். மகள் பிறப்பாள் என்று எனக்கு என்ன தெரியும்? வாயில் வந்தது, சொல்லிவிட்டேன். அல்லா மகளையே கொடுத்தான். அந்த மகளுக்கு மாப்பிள்ளை முடிவானதும் தங்கச்சி போனில் முதலில் கேட்டது இதைத்தான்: "அக்கா, டோலக்கோடதானே வாரே?"

மதுரை விமான நிலையத்தில் கவுண்டரில் இருந்த பெண், "கையில ஒண்ணுதாம்மா கொண்டுபோகலாம். பையா டோலக்கா, நீங்களே சொல்லுங்க" என்றாள். பெட்டியில் சீரகசம்பா அரிசியும் முறுக்கும் பிதுங்கி, அது ஏற்கெனவே எடை நிறைந்து உள்ளே போய்விட்டது. தோள்பையில் என் துணியும் மருந்தும். "டோலக்கைக் கீழே லக்கேஜ்ல போட்டுரலாம். கிழிஞ்சா நாங்க பொறுப்பில்லன்னு ஒரு கையெழுத்து மட்டும் போடுங்க" என்றாள்.

"கிழிஞ்சா உங்க முதுகுத் தோலை உரிச்சா ஒட்டித் தருவீங்க?" என்று கேட்டேன். பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

நகர்ந்து நின்று சுற்றும்முற்றும் பார்த்தேன். ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர், வெள்ளை வேட்டி சட்டை, கையில் ஒரு மஞ்சப்பையைத் தவிர வேறு ஒன்றும் இல்லாமல் நின்றிருந்தார். பேச்சுக் கொடுத்தேன். ஆயக்குடியில் கொய்யாத் தோப்பு. மும்பையில் மகளுக்குக் குழந்தை பிறந்திருக்கிறது, பார்க்கப் போகிறார். நானும் தங்கச்சி கதையிலிருந்து எங்கள் கடை இருக்கும் தெரு வரைக்கும் ஒன்று விடாமல் சொல்லிவிட்டு, "இதை மட்டும் உங்க கையில வச்சுக்கிறீங்களா?" என்று கேட்டேன்.

"அதுக்கென்னங்க, குடுங்க. எம்பட கையி சும்மாதானுங்க இருக்குது" என்று வாங்கிக்கொண்டார்.

சோதனை செய்யும் இடத்தில் ஆண்களுக்குத் தனி வரிசை. இந்தப் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். காக்கிச் சட்டைக்காரர் டோலக்கைத் தூக்கி, "இது உங்களுதா?" என்றார்.

"இல்லீங்க. அந்தம்மாவுதுங்க."

"அவங்க யாரு?"

"தெரியாதுங்க."

யா அல்லாஹ்! அந்த மனுஷருக்கு ஒரு பொய் சொல்லத் தெரியவில்லை. "தெரியாத ஆள் குடுத்தா எதையும் வாங்குவீங்களா?" என்று அவரை ஒரு பிடி பிடித்தார்கள். "பாவமுங்க, ரெண்டு கையிலயும் சாமானோட நின்னாங்க" என்கிறார் இவர். நான் வரிசையைத் தாண்டி ஓடி, "பஸ்ஸுல எல்லாம் நாங்க இப்படித்தான் சார் குடுப்போம்" என்று சொல்ல, எனக்கும் சேர்த்து விழுந்தது. டோலக்கை முன்னும் பின்னும் மெஷினுக்குள் விட்டுப் பார்த்து, தட்டிப் பார்த்து, உரியவள்தான் தூக்கிப் போகவேண்டும் என்று என்னிடம் கொடுத்தார்கள். அவர்கள் சொன்னது நியாயம்தான். ஆனாலும் எனக்குக் கோபம் வந்தது.

"பள்ளிக்கூடத்துல வாங்குனதுக்கு அப்புறம் இன்னைக்குத்தானுங்க இப்படித் திட்டு வாங்குறேன்" என்று சிரித்தார் ஆயக்குடிக்காரர்.

விமானம் ஏறும் வாசலில் நின்ற பெண்ணிடம் இருவரும் நடந்ததைச் சொன்னோம். அவள் மனது இளகியது. "சரி, ஒண்ணு ஐயா கணக்குல போகட்டும். ஆனா இதுக்குள்ள அடங்கணும்" என்று பை அளவு பார்க்கும் இரும்புச் சட்டத்தைக் காட்டினாள். வைத்தேன். பாதி போய் மாட்டிக்கொண்டது. டோலக்கின் கயிறு பழசாகித் தொய்ந்துவிட்டதால், கயிற்றுக்கு அடியில் விரல் மொத்தத்தில் உருண்டைக் கட்டைகளைச் செருகித்தான் தோலை விறைப்பாக வைத்திருப்பேன். அந்தக் கட்டைகள்தான் துருத்திக்கொண்டு இடித்தன.

"கட்டையை உருவுனா போகுமுங்க" என்று அவர் குத்தவைத்து உட்கார்ந்து ஒவ்வொன்றாக உருவித் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். டோலக் சட்டத்துக்குள் வழுக்கிக்கொண்டு இறங்கியது. வரிசையில் நின்றவர்கள் கைதட்டினார்கள். எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. அவருக்கு முன்னால் எங்கேயோ இடம், எனக்குக் கடைசியில். மும்பையில் இறங்கிய நெரிசலில் தூரத்திலிருந்து கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார்.

தங்கச்சி வீட்டு வாசலில் அவள் என்னைக் கட்டிப்பிடிப்பதற்கு முன்னால் டோலக்கைத்தான் வாங்கினாள். உறையைக் கழற்றி ஒரு தட்டுத் தட்டினாள். தொப்பென்று நனைந்த அட்டைப்பெட்டி மாதிரி ஒரு சத்தம். அப்போதுதான் எனக்கு உறைத்தது. கட்டை அத்தனையும் ஆயக்குடிக்காரரின் சட்டைப்பையில்! அவர் பெயர்கூட நான் கேட்டுவைக்கவில்லை.

உள்ளே மணப்பெண் முழங்கை வரை மருதாணி வைத்துக்கொண்டு கையை நீட்டியபடி உட்கார்ந்திருந்தாள். சுற்றிப் பெண்கள் பாட்டுக்குத் தயாராக இருந்தார்கள். "பரவால்லக்கா, ஸ்பீக்கர்ல போட்டுக்கலாம்" என்றாள் தங்கச்சி. சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். அன்றைக்குக் குனிந்த அதே குனிவு. எனக்குத் தாங்கவில்லை.

"என்னடி பரவால்ல? இம்புட்டுத் தூரம் நான் ஸ்பீக்கர் கேக்கவா வந்தேன்?" என்று கத்தினேன். பென்சிலைச் செருகினேன், முறிந்தது. கரண்டிக் காம்பு நழுவியது. திரும்பினால் மணப்பெண் பக்கத்தில் அலங்காரப் பெட்டி திறந்து கிடக்கிறது. ஒரு லிப்ஸ்டிக்கை எடுத்து விரலில் உருட்டிப் பார்த்தேன். அதே மொத்தம், கெட்டியான உலோக உறை. கயிற்றுக்கு அடியில் கொடுத்து அழுத்தினேன். கச்சிதமாக நின்றது.

"பெரியம்மா! அது என்ன விலை தெரியுமா?" என்று மணப்பெண் அலறினாள். ஈர மருதாணிக் கையோடு அவளால் என்ன செய்ய முடியும்? அலறலைக் கேட்டு மற்ற பெண்களும் சிரித்துக்கொண்டே கைப்பைகளைத் திறந்து கொட்டினார்கள். தங்கச்சி காலால் உதைத்துப் பிடித்துக் கயிற்றை இழுக்க, நான் ஒவ்வொரு லிப்ஸ்டிக்காகச் செருகினேன். தட்டினேன். தோல் கணீரென்று பேசியது.

சின்ன வயதில் நான் தோலில் அடிக்க, அவள் எதிரே உட்கார்ந்து டோலக்கின் மரத்தில் கரண்டியால் தாளம் தட்டுவாள். இப்போதும் யாரும் சொல்லாமலே அடுப்படிக்கு ஓடி ஒரு கரண்டியோடு வந்து உட்கார்ந்தாள். பெண்ணைப் பெற்றவளுக்கு அன்றைக்கு ஆயிரம் வேலை. ஒன்றையும் பார்க்கவில்லை. பாட்டு மாறி மாறிப் போக, என் உள்ளங்கை சிவந்து வீங்கிவிட்டது. நடுவில் அவள் குனிந்து என் காதில் கேட்டாள்: "அக்கா, இது அவளுக்கு அடிக்கிறியா, எனக்கு அடிக்கிறியா?"

"உனக்குத்தான்டி" என்றேன். இருவருக்கும் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் நான் சொன்னதுதான் உண்மை. அவள் அழுதுகொண்டே தாளம் தப்பாமல் தட்டினாள்.

நிக்காஹ் அன்றைக்கு மணப்பெண் மாமியாரின் லிப்ஸ்டிக்கைக் கடன் வாங்கிப் போட்டுக்கொண்டாள். நான் லிப்ஸ்டிக் செருகியபடியே டோலக்கைத் தூக்கிக்கொண்டு சொந்தக்காரர்களோடு ரயிலில் ஊர் திரும்பினேன்.

கொஞ்ச நாள் கழித்து ஆயக்குடிக்காரர் எங்கள் கடையைத் தேடி வந்துவிட்டார். கையில் ஒரு பை நிறையக் கொய்யா. சட்டைப்பையில் என் கட்டைகள். என் வீட்டுக்காரர் போன் பண்ணியதும் ஓடினேன்.

"ஏனுங்க, கல்யாணத்துல அடிச்சீங்களாங்க? மக வீட்டுக்குப் போயித்தானுங்க சட்டைப்பையைப் பாத்தேன். அன்னைக்குச் சோறே எறங்கலீங்க" என்றார். நடந்ததைச் சொன்னேன். லிப்ஸ்டிக் என்றதும் அவருக்குச் சிரிப்பு அடங்கவே இல்லை. என் வீட்டுக்காரர் அவருக்கு ஒரு நல்ல பெல்ட்டை எடுத்துக் கையில் திணித்தார். வேட்டி கட்டுகிறவருக்குப் பெல்ட்!

வீட்டுக்கு வந்து கொய்யாவை நறுக்கி உப்பும் மிளகாய்ப்பொடியும் தூவி வைத்துக்கொண்டு தங்கச்சிக்குப் போன் போட்டேன். "கட்டை வந்துருச்சுடி" என்றேன்.

"அப்ப லிப்ஸ்டிக்கை எல்லாம் எடுத்துருவியாக்கா?"

"எடுக்கவா?"

"எடுக்காதே" என்றாள்.

கட்டைகள் பீரோ மேல் ஒரு டப்பாவில் இருக்கின்றன.