அனுப்ப முடியாத படம்

மாலை ஐந்து நாற்பதுக்கு அந்தப் பெண் ஓசூரில் இருந்த எங்கள் செய்தி அலுவலகத்துக்குள் வந்தபோது முதலில் கண்ணில் பட்டது அவள் கையிலிருந்த பிளாஸ்டிக் உறை. உள்ளே ஒரு முதியவரின் சிறிய படம்.

"எங்கப்பா சார். ஜவளகிரில இருந்து என்னைப் பாக்க வந்தாரு. நேத்து காலைல கடைக்குப் போனவரைக் காணோம். போலீஸ்ல எழுதிக் குடுத்துட்டேன். கன்னடம் தவிர எதுவும் தெரியாது, என் அட்ரஸும் சொல்லத் தெரியாது. மூஞ்சியப் பாத்து யாராச்சும் சொன்னாத்தான் உண்டு."

அவள் ஒரு தொழிற்சாலையின் சீருடையிலேயே வந்திருந்தாள். எங்கள் நாளிதழின் சேலம் அலுவலகத்தில் மாவட்டப் பக்கத்தை ஏழு மணிக்கு முடித்துவிடுவார்கள். செய்தியைத் தொலைபேசியில் சொல்லிவிட்டேன். படத்தை மட்டும் ஸ்கேன் செய்து மின்னஞ்சலில் சேலத்துக்கு அனுப்ப வேண்டும்.

கைப்பேசியில் படம் எடுத்து அனுப்பும் காலம் அல்ல அது. இருந்தது ஒரே ஒரு பழைய கணினி. சில நாட்களாகவே எழுத்தைத் தட்டினால் திரையில் தோன்றத் தாமதமாகும். அன்று ஸ்கேனர் பாதிப் படத்தோடு நின்றது. அணைத்துப் போட்டேன். சற்று நேரம் ஒழுங்காக ஓடி, மறுபடி நின்றது.

கணினி பழுது பார்ப்பவரை அழைத்தேன்.

"நான் ராயக்கோட்டைல இருக்கேன்ணா, வர நேரமாவும். வைரஸா இருக்கும், அந்த சாஃப்ட்வேரை ஓட விடுங்க."

ஓட விட்டதும் மவுஸ் அம்புக்குறியே நகரவில்லை. பிறகு அவர் சொன்னபடி பழைய கோப்புகளை அழித்தேன். மாற்றமில்லை.

"ஆச்சா சார்?" என்றாள்.

"கொஞ்சம் இரும்மா" என்றேன்.

ஆறே முக்காலுக்கு மறுபடி அழைத்தேன்.

"அணைச்சுப் போட்டா கொஞ்ச நேரம் நல்லா ஓடுதா?"

"ஓடுது."

"அப்ப சூடுண்ணா. ஆயுத பூஜைக்கு மாலை போட்டீங்களா?"

போட்டிருந்தோம். பூஜை மாலையை யாரும் கையால் கழற்ற மாட்டோம். காய்ந்து தானாக உதிர வேண்டும். சாமந்திச் சரம் சிபியூ பெட்டியின் பக்கவாட்டுத் துளைகளின் மேல் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது.

மூடியைத் திறந்தேன். காய்ந்த இதழ்கள் உள்ளே இழுக்கப்பட்டு மின்விசிறியில் அடைத்திருந்தன. அடியில் தூசியும் குங்குமமும். விசிறி சுற்றவே வழியில்லை. பக்கத்திலிருந்த உலோகத்தைத் தொட முடியவில்லை.

"சாமிக்குப் போட்டதைக் குப்பையில போடாதீங்க சார்" என்று அவள் இதழ்களை ஒரு தாளில் வாங்கிக்கொண்டாள்.

பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தட்டி முடித்து, சூடு ஆறும்வரை நின்றோம். பிறகு கணினி ஒருமுறைகூடத் தயங்கவில்லை. படம் போய்ச் சேர்ந்தது. சேலத்தை அழைத்தேன்.

"பக்கம் அச்சுக்குப் போயிடுச்சே சார், இப்பத்தான்."

அவளிடம் சொன்னேன். படத்தை வாங்கி உறைக்குள் வைத்துக்கொண்டாள்.

கன்னடம் மட்டுமே பேசத் தெரிந்த முதியவரைக் காணவில்லை என்ற செய்தி மறுநாள் நான்கு வரியில், படமில்லாமல் வந்தது.