இரண்டு கைப் பிடியரிசி

எங்கள் வீட்டில் எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். நாலாம் வகுப்பு. அப்பா மலைமேல் ஏலத்தோட்டத்து வேலைக்குப் போனால் மாதக்கணக்கில் இறங்கமாட்டார். அம்மா பள்ளிக்கூடத்துப் பக்கமே போனதில்லை. அதனால் சாயங்காலம் அடுப்புப் பற்றவைத்ததும், சபையில் கொடுத்த தியானப் புத்தகத்தில் அன்றைக்குள்ள பக்கத்தை நான்தான் சத்தமாக வாசிக்க வேண்டும். வெளியாட்கள் முன்னால் வாயே திறக்காத எனக்கு அடுப்படியில் மட்டும் போதகர் ஐயாவின் குரல் வந்துவிடும்.

வாசித்து முடித்ததும் பிடியரிசி. உலையில் போடப்போகிற அரிசியில் ஒரு பிடி அள்ளித் தனிக் கலயத்தில் போட்டுவைத்து, ஞாயிற்றுக்கிழமை கோயிலில் கொண்டுபோய்க் கொட்ட வேண்டும். அதை ஏழைகளுக்குப் பங்கிட்டுக் கொடுப்பார்கள்.

எங்கள் சுருளிப்பட்டிப் பக்கம் இப்போது திராட்சைப் பந்தலாகக் கிடக்கிறது. அன்றைக்கு நெல்வயல்தான். ஒரு வருஷம் நடவுக்குத் தண்ணீர் வராமல் அம்மாவுக்கு வேலை நின்றுபோனது. அந்த மாதம்தான் பிடியரிசி போடும் பொறுப்பை அம்மா என்னிடம் கொடுத்தாள். சின்னப்பிள்ளை கையால் போட்டால் ஆண்டவருக்குப் பிரியம் என்றாள். அவள் பிடியில் பாதிதான் என் கையில் கொள்ளும் என்பது எனக்குத் தோன்றவில்லை. ஏதோ ஊழியம் கிடைத்துவிட்டதாகத் தங்கச்சியிடம் பீற்றிக்கொண்டேன்.

ஒருநாள் வாசித்த பக்கத்தில் ஓர் ஏழைப் பெண்ணைப் பற்றி எழுதியிருந்தது. பிள்ளைகளுக்குப் போட்டுவிட்டுத் தான் பட்டினியாகப் படுக்கிறவள். பாதியிலேயே எனக்கு அழுகை வந்துவிட்டது. இப்படிப்பட்டவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று அம்மாவிடம் கேட்டேன்.

"இங்கனதான் எங்கயாச்சும் இருப்பாக. நீ வாசி ஆத்தா."

அன்றைக்கு இரண்டு கையையும் சேர்த்துக் குவித்து அள்ளினேன். சுளகில் இருந்ததே ஓர் உழக்கு அரிசி. அம்மா என்னவோ சொல்ல வந்தாள். என் கண்ணில் தண்ணீரைப் பார்த்துவிட்டு, உலையில் இன்னொரு செம்புத் தண்ணீரை ஊற்றினாள்.

தங்கச்சிதான் கும்பாவுக்குள் எட்டிப் பார்த்து, "அக்கா, கஞ்சிக்குள்ள என் மூஞ்சி தெரியுது" என்றாள். அம்மா குடிக்கவில்லை. வயிறு மந்தமாக இருக்கிறது என்றாள். மறுநாளும் நான் இரண்டு கை அள்ளினேன். மறுநாளும் அம்மாவுக்கு மந்தம். வாரம் முழுக்க இப்படியே போனது. படுக்குமுன் ஜெபத்தில் ஏழைகளுக்காகவும் அம்மாவின் வயிற்றுக்காகவும் தனித்தனியே வேண்டிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை கலயம் நிறைந்திருந்தது. நான் பெருமையாகக் கொட்டும்போது, பிடியரிசியை வாங்கிப் பங்கிடுகிற உபதேசியாரின் மனைவி அரிசியைப் பார்க்கவில்லை. அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அம்மா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

மறுநாள் மத்தியானம், பள்ளிக்கூட இடைவேளைக்கு நான் வீட்டுக்கு வந்திருந்தபோது, உபதேசியாரின் மனைவி ஒரு துணிப்பையோடு எங்கள் வாசலில் வந்து நின்றார்கள். சிவப்பும் வெள்ளையுமாகப் பல வீட்டு அரிசி கலந்திருந்ததால், கோயில் அரிசி என்று பார்த்ததுமே தெரிந்தது. எனக்கு வந்த கோபத்தில் கூச்சம்கூட மறந்துபோனது.

"இது ஏழைகளுக்கு உள்ளதுல்ல? நீங்க வீடு மாறி வந்துட்டீக" என்றேன்.

அம்மா தரையைப் பார்த்தாள். அவர்கள் பையை என் கையில் வைத்து, "யாருக்குன்னு உங்கம்மாவுக்குத் தெரியும் ஆத்தா. அவுககிட்டக் குடு" என்று சொல்லிவிட்டு, உட்காராமலே போய்விட்டார்கள்.

சரி, கொண்டுபோய்ச் சேர்க்கிற பொறுப்பு அம்மாவுடையது போலிருக்கிறது என்று சமாதானமானேன். சாயங்காலம் பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் முதல் வேலையாக, உரியவர்களுக்கு அரிசி போய்ச் சேர்ந்ததா என்று கேட்டேன்.

"சேர்ந்துருச்சு ஆத்தா" என்றாள் அம்மா, அடுப்பைப் பார்த்துக்கொண்டே.

அன்றைக்குச் சோறாகவே வடித்திருந்தாள். எங்களோடு உட்கார்ந்து அவளும் சாப்பிட்டாள். ரொம்ப மெதுவாக, ஒவ்வொரு வாயாகச் சாப்பிட்டாள். அம்மாவுக்கு வயிற்று மந்தம் தீர்ந்துவிட்டதற்காக அன்றைய ஜெபத்தில் ஆண்டவருக்கு நான் ஸ்தோத்திரம் சொன்னேன். அம்மாதான் சத்தமாக ஆமென் சொன்னாள்.