தாலுகாவுக்குக் காத்திருந்த கணக்கு மார்க்

பள்ளி இறுதித் தேர்வில் கணக்கில் நான் தோற்றேன் என்பதை இன்றுவரை நம்பவில்லை. பாஸ் மார்க்குக்கு மூன்று குறைவு என்றார்கள். தேர்வு முடிந்த அன்றே கேள்வித்தாளை வைத்துக்கொண்டு கணக்கு சாரிடம் எல்லாவற்றையும் போட்டுக் காட்டியிருந்தேன். "நீ தோத்தா நான் மாடு மேய்க்கப் போறேன்" என்று சிரித்தவர் அவர். தேறினால் டீச்சர் டிரெயினிங், தேறாவிட்டால் வெள்ளறடையிலிருந்து பெண் கேட்டுக்கொண்டிருந்த வீட்டுக்கு மருமகள் என்று வீட்டில் முடிவாகியிருந்தது. எனக்கு டீச்சராக வேண்டும். வேறு ஆசையே கிடையாது.

வீடு பாறசாலை, பள்ளி களியக்காவிளை. நாங்கள் பெரிய சார் என்று கூப்பிடும் தலைமையாசிரியர் என்னை அழைத்து, மார்க்கை மறுபடி கூட்டிப் பார்க்கச் சொல்லித் திருவனந்தபுரத்துக்கு மனு போடலாம் என்றார்.

"மனு நான் எழுதித் தாறேன். அப்பாவுக்க ஒப்பு வேணும். மாசம் முடியதுக்குள்ள கொண்டு வா மக்கா."

அப்பாவுக்குத் தையல் கடை. அப்போது திருவனந்தபுரத்து ஆட்சியில் இருந்த எங்கள் நெய்யாற்றின்கரைத் தாலுகா தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று ஊர்வலம் போய், போலீஸ் அடியில் தோள் இறங்கி வந்தவர். அந்த வருஷங்களில் எங்கள் பக்கத்தில் எந்தக் காரியமும் 'தாலுகா சேர்ந்த பிறகு' என்றுதான் தள்ளிப்போகும். நிலப் பத்திரம், பங்காளி வழக்கு, கிணறு தோண்டுவது எல்லாம் அப்படித்தான். என் மார்க்கும் அந்த வரிசையில் போய் நின்றது.

"அவனுவளுக்க ஆபீசுக்கு நான் ஒப்பு போட மாட்டேன்" என்றார் அப்பா. "தாலுகா சேரட்டு. மெட்ராசுக்காரன் பேப்பரை வரவழச்சு நியாயமாட்டு பாப்பான்."

"அரசனை நம்பி புருசனை விட்ட கதையாட்டு ஆவப்போவுது. இது பிள்ளைக்க வாழ்க்கையாக்கும்" என்றாள் அம்மா.

அப்பா மிஷினை வேகமாக மிதித்தார். மாதம் முடிந்தது, கெடுவும் போயிற்று. சரி, திரும்பவும் பரீட்சை எழுதுகிறேன் என்றேன். "தேறின பிள்ளை எதுக்குத் திருப்பி எழுதணும்?" என்று கேட்டார். வெள்ளறடைக்காரர்களையும் பொறுக்கச் சொன்னார். அவ்வளவு நம்பினார் பாவி மனுஷன். அந்த நம்பிக்கையைத்தான் என்னால் வெறுக்கவும் முடியவில்லை.

கடைசியில் எல்லைக்கோடு விழுந்தது. களியக்காவிளை அந்தப் பக்கம், பாறசாலை இந்தப் பக்கம். பள்ளிக்கூடம் தமிழ்நாட்டுக்குப் போயிற்று, நாங்கள் கேரளத்தில் நின்றுவிட்டோம். பள்ளியில் போய்க் கேட்டபோது, தேர்வு நடத்தியது திருவனந்தபுரம், அங்கே கேளுங்கள் என்றார்கள்.

ஒப்பு போட மாட்டேன் என்ற அதே ஆபீசுக்கு அப்பா என்னைக் கூட்டிக்கொண்டு போனார். மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, குமாஸ்தாவிடம் மலையாளத்தில் கெஞ்சினார். குமாஸ்தா நல்லவர்தான், எங்களை உட்காரச் சொல்லித்தான் விஷயத்தைச் சொன்னார். அந்த வருஷத்து விடைத்தாள்களை எப்போதோ எரித்துவிட்டார்களாம்.

திரும்பும் பஸ்ஸில் பாலராமபுரம் தாண்டியதும் அப்பா என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்.

"மக்கா, நீ பாசாயிருப்பியா?"

ஆமா என்றால் அவர் தாங்கமாட்டார். இல்லை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

"தெரியாது அப்பா" என்றேன்.

மறுநாள் அவர் வெள்ளறடைக்கு ஆள் அனுப்பினார்.